பிணங்களை ஏன் வாசலில் போட்டார்கள்?

கேள்வி: 2014இல் மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில் எபோலா பரவியபோது, பிணம் புதைக்கும் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்து, உடல்களை ஆஸ்பத்திரி வாசலில் போட்டுவிட்டுப் போனார்களாமே? கொள்ளைநோய்க் காலத்தில் இது என்ன மனிதத்தன்மை? ஏழை நாடுகளின் மருத்துவ ஊழியர்களுக்கு யோகா, கவுன்சலிங், மனவுறுதிப் பயிற்சி எல்லாம் கொடுத்தால் இதைத் தவிர்க்கலாம் அல்லவா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: நடந்தது உண்மை. 2014 நவம்பர் கடைசியில், கெனிமா என்ற ஊரில். அதைச் சரி என்று நான் சொல்லமாட்டேன், இறந்தவர்களின் வீட்டாரை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. ஆனால் அந்தச் செய்தியின் மறுபாதியையும் படியுங்கள். அந்த ஊழியர்களுக்கு அக்டோபர், நவம்பர் இரண்டு மாதத்துக்கான ஆபத்துப்படி வரவில்லை. வரவில்லை என்பதை அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது, ஒப்புக்கொண்ட கையோடு அவர்களை வேலையை விட்டும் தூக்கியது.

அது என்ன வேலை என்று பாருங்கள். எபோலாவில் ஆள் இறந்த பிறகும் உடலில் கிருமி ஏராளமாக இருக்கும், தொட்டாலே ஒட்டிக்கொள்ளும். தலைமுதல் கால்வரை காற்றுப் புகாத உடுப்பு, கண்ணாடி, இரட்டைக் கையுறை, ரப்பர் பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு அந்த வெயிலில் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிப்பதே பெரிய விஷயம், பூட்ஸைக் கழற்றினால் வியர்வை தண்ணீராகக் கொட்டும். உடலின் மேல் குளோரின் தெளித்து, பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து, மறுபடியும் தெளித்துத் தூக்க வேண்டும். வேலை முடிந்து உடுப்பைக் கழற்றும்போதுதான் ஆபத்து அதிகம், களைப்பில் கை தவறி முகத்தில் பட்டால் போச்சு. வீட்டுக்குப் போனால் சொந்தக்காரர்களே வாசலில் நிறுத்திவைப்பார்கள். இதைச் செய்கிறவருக்கு இரண்டு மாதமாகக் காசு இல்லை. இவருக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்து என்ன ஆகப்போகிறது?

அதே கெனிமா அரசு மருத்துவமனையில், எபோலா மாதிரியே கொடிய தொற்றான லாஸா காய்ச்சலுக்கென்று தனி வார்டு ஏற்கெனவே இருந்தது. அதனால் எபோலா நோயாளிகள் முதலில் அங்கேதான் வந்து குவிந்தார்கள். 30க்கும் மேற்பட்ட ஊழியர்கள் செத்துப்போனார்கள். வார்டை நடத்திய டாக்டர் ஷேக் உமர் கான் ஜூலை 29ஆம் தேதி இறந்தார், வயது 39. ஸீமேப் என்ற சோதனை மருந்து அவர் இருந்த சிகிச்சை மையத்திலேயே இருந்தது. கொடுக்கலாமா கூடாதா என்று மருத்துவர்கள் பேசிப் பேசி, கடைசியில் கொடுக்கவில்லை. சில நாளில் அதே மருந்து லைபீரியாவில் நோய் கண்ட இரண்டு அமெரிக்கர்களுக்குக் கொடுக்கப்பட்டது, அவர்கள் தனி விமானத்தில் ஊருக்குப் போய்ப் பிழைத்தார்கள். அவர்கள் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் செப்டம்பரில் டாக்டர் ஒலிவெட் பக் என்ற சியரா லியோன் பெண்மணிக்கு நோய் வந்தபோது, ஜெர்மனிக்கு அனுப்பிவைக்க உதவுங்கள் என்று அவர் நாட்டு அரசு கேட்டும், தன்னால் முடியாது என்று கைவிரித்துவிட்டது உலக சுகாதார நிறுவனம். அவர் இறந்துவிட்டார். அப்போது சுமார் 70 லட்சம் பேர் வாழ்ந்த நாடு அது, நோய் வருவதற்கு முன் அங்கே இருந்த மருத்துவர்களே 136 பேர் என்பதுதான் கணக்கு. அதில் 11 பேரை எபோலா கொண்டுபோனது.

எபோலா அதிகம் பரவிய கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்றிலும் சேர்த்து 880க்கு மேற்பட்ட சுகாதார ஊழியர்களுக்குத் தொற்று, 500க்கு மேல் சாவு. மற்ற வயதுவந்தவர்களைவிட இவர்களுக்குத் தொற்றுகிற வாய்ப்பு 21 முதல் 32 மடங்கு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமே பின்னால் கணக்குப் போட்டது.

கவுன்சலிங்கே வேண்டாம் என்கிறேனா? இல்லை. லைபீரியாவின் சலோமி கர்வாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எபோலாவில் அப்பா அம்மா இருவரையும் பறிகொடுத்து, தானும் படுத்துப் பிழைத்து, பிழைத்த அதே சிகிச்சை மையத்துக்குத் திரும்பிப்போய் நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லும் வேலையைச் செய்தவர். டைம் பத்திரிகை 2014இன் சிறந்த மனிதர்களாக எபோலா போராளிகளைத் தேர்ந்தெடுத்தபோது அட்டையில் இவர் படமும் வந்தது. 2017 பிப்ரவரியில், சிசேரியன் முடிந்து வீடு திரும்பியதும் வலிப்பு வந்து மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எபோலா வந்து பிழைத்தவர் என்பதால் தொடவே பயந்தார்கள் என்று அவருடைய சகோதரி சொன்னார். இறந்துவிட்டார். அட்டைப்படம் போட்டவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் பிறருக்கு ஆறுதல் சொன்னவரைக் கவனிக்க அந்த நாட்டில் ஆளும் இல்லை, வசதியும் இல்லை. லைபீரியா தன் மருத்துவர், நர்ஸ், மருத்துவச்சிகளில் நூற்றுக்கு எட்டுப் பேரை இழந்திருந்தது.

கோவிட்டிலாவது பாடம் படித்தோமா? 2021 ஜனவரி நடுவில் 49 பணக்கார நாடுகளில் 3.9 கோடி டோஸ் தடுப்பூசி போட்டாகிவிட்டது. மிக ஏழை நாடுகளைப் பார்த்தால் ஒரே ஒரு நாட்டில், 25 டோஸ். லட்சமோ ஆயிரமோ இல்லை, வெறும் 25. அந்த நாடு, எபோலாவில் அடிபட்ட அதே கினி. நம் ஊர் யோக்கியதையும் தெரிந்ததுதான். 2020 ஏப்ரலில் சென்னையில் கோவிட்டில் இறந்த மருத்துவரைப் புதைக்கவிடாமல் ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தவர்கள் நம் ஆட்களே. கெனிமாவைப் பற்றிப் பேசும்போது இதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

சரி, காசு எங்கே போனது என்று கேட்பீர்கள். சியரா லியோனின் தணிக்கைத் துறை 2015 தொடக்கத்தில் கொடுத்த அறிக்கைப்படி, எபோலா நிதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு ஒழுங்கான கணக்கில்லை. செஞ்சிலுவைச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பும், எபோலா உதவிப் பணத்தில் 50 லட்சம் டாலருக்கு மேல் மோசடியில் போனதாக 2017இல் ஒப்புக்கொண்டது.

இதற்கு வழி இல்லாமலும் இல்லை. 2014 கடைசியில் சியரா லியோனில் ஊழியர் பட்டியலைச் சரிபார்த்து, படியைச் செல்போன் வழியாக நேராக அவரவர் கணக்குக்கே அனுப்ப ஆரம்பித்தார்கள். அதுவரை பணம் கைக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அப்புறம் ஒரே வாரத்தில் வந்தது. மாதத்துக்குச் சராசரியாக எட்டு என்று நடந்துகொண்டிருந்த வேலைநிறுத்தங்கள் அநேகமாக நின்றேபோயின. அவர்களுடைய மனவுறுதியில் ஒரு குறையும் இருக்கவில்லை. கெனிமாவில் உடல்களை வாசலில் போட்டவர்களுக்கும் அந்த அக்டோபர் மாதப் பணம் அக்டோபரிலேயே வந்திருந்தால், நவம்பரிலும் அவர்கள் குழிதான் தோண்டிக்கொண்டிருந்திருப்பார்கள்.