நாற்காலியை நகர்த்திவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்

எந்த ஸ்பீக்கர் வாங்கலாம் என்று கேட்பவர்கள்தான் வழக்கமாக அதிகம். இந்த முறை தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் பக்கமிருந்து வந்த கேள்விகள் பெரும்பாலும் ‘வாங்கிட்டேன், ஆனா சரியா கேக்கல’ ரகம். படித்துப் பார்த்தால் கோளாறு பெட்டியில் இல்லை, உட்காரும் இடத்தில்.

ஹால் 12-க்கு 10 அடி. பின்சுவரில் சாய்ந்து நின்றால் பாஸ் (தாழ்ந்த ஒலி) கும்மென்று வருகிறது. நடு ஹாலில் நாற்காலி போட்டால் காணாமல் போகிறது. சப்-வூஃபர் (பாஸுக்கென்றே தனிப் பெட்டி) சேர்க்கலாமா? – கும்பகோணம்

வேண்டாம். ஓர் அண்டாவில் பாதித் தண்ணீர் வைத்து லேசாக ஆட்டிப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் தண்ணீர் ஏறி இறங்கும். நடுவில் மட்டம் அசையாது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட தாழ்ந்த ஒலியும் அப்படித்தான்: சுவரோரம் அழுத்தம் கூடும், நடுவில் ஒன்றுமே இருக்காது.

நம் ஊர் வெக்கையில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். அந்தக் கணக்கில் 12 அடி நீளத்துக்கு 48 ஹெர்ட்ஸ், 10 அடி அகலத்துக்கு 57 ஹெர்ட்ஸ் பக்கம் இந்தக் கூத்து நடக்கும். பாஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். அதாவது நீங்கள் கேட்கும் சினிமாப் பாட்டில் பாஸ் கிட்டார் இறங்கி நடக்கிற இடமெல்லாம் உங்கள் நாற்காலிக்கு எட்டாமல் சுவரோரம் போய் நிற்கிறது. சப்-வூஃபர் சேர்த்தால் சுவர் இன்னும் அதிரும், நாற்காலிக்கு வருவது பெரிதாக ஏறாது.

நாற்காலியைப் பின்சுவரிலிருந்து நாலரை அடி தள்ளிப் போடுங்கள். அங்கிருந்து ஒரு சாண் முன்னே, ஒரு சாண் பின்னே நகர்த்தி, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேளுங்கள். அரை மணி நேர வேலை.

சப்-வூஃபர் ஏற்கெனவே இருக்கிறவர்களுக்கு ஒரு வித்தை. அதைத் தூக்கி நீங்கள் உட்காரும் நாற்காலியில் வைத்துப் பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எங்கே பாஸ் குழறாமல், அடி அடியாகப் பிரிந்து கேட்கிறதோ அங்கே பெட்டி, நாற்காலியில் பழையபடி நீங்கள். வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். நான் தவழ்ந்ததை எதிர்வீட்டு மாமி பார்த்துவிட்டு, இடுப்புப் பிடிப்பா என்று இன்றுவரை விசாரிக்கிறார்.

பழைய வீடு, கூடத்தில் ஊஞ்சல். ஆடிக்கொண்டே கேட்கும்போது பாடகர் இடமும் வலமுமாக அலைவது போல இருக்கிறது. பிரமையா? – திருவையாறு

பிரமை இல்லை. உங்கள் பெட்டிகள் ஊஞ்சலுக்குப் பக்கவாட்டில் இருக்கின்றன என்று பார்க்காமலே சொல்லிவிடலாம்.

பெட்டிகளுக்கு நடுவே 2 மீட்டர், அந்த வரிசையிலிருந்து உங்கள் காதுக்கு 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பெட்டிக்கும் நட்டநடுவில் இருந்தால் இரண்டு ஒலியும் சேர்ந்தே வரும், பாடகர் நடுவில் நிற்பார். 30 செ.மீ. ஒரு பக்கம் போனால் ஒரு பெட்டி மற்றதைவிட 27 செ.மீ. கிட்டே வந்துவிடும். நேரத்தில் அது முக்கால் மில்லி செகண்டு, அவ்வளவுதான். ஆனால் காது அதற்கே ஏமாந்துவிடும். எது முந்தி வருகிறதோ அங்கேதான் ஆள் இருக்கிறார் என்று முடிவு கட்டிவிடும். ஊஞ்சல் திரும்பி வந்தால் பாடகரும் கூடவே வருவார்.

பெட்டிகளை ஊஞ்சலுக்கு எதிரே மாற்றுங்கள். அப்போது ஆட்டம் முன்னும் பின்னுமாகத்தான் இருக்கும், இரண்டு பெட்டியும் ஒரே அளவில் கிட்டே வரும், விலகும். பாடகர் நகரமாட்டார். எதிரே முற்றம், வைக்க இடமில்லை என்றால் ஆடாமல் உட்காருங்கள். அதுவும் முடியாது என்றால் அலையட்டும் விடுங்கள். ஊஞ்சலை நிறுத்திவிட்டுக் கேட்கிற அளவுக்கு ஸ்டீரியோ ஒன்றும் பெரிய விஷயமில்லை.

முற்றம் திறந்த கூடத்தில் வேறொரு லாபமும் உண்டு. பாஸ் வானத்தைப் பார்த்து வெளியேறிவிடுவதால் கும்பகோணத்துக்காரரின் தொல்லை உங்களுக்குக் குறைவு.

ஒருவருக்குத்தான் நல்ல இடம் என்கிறீர்கள். நாங்கள் வீட்டில் ஐந்து பேர்! – மன்னார்குடி

பெட்டிகளை நன்றாக உள்நோக்கித் திருப்பி, இரண்டின் பார்வையும் உங்கள் வரிசைக்கு முன்னாலேயே வெட்டிக்கொள்ளும்படி வையுங்கள். இடக்கோடியில் இருப்பவரைப் பார்த்து வலப்பெட்டி நேராக நிற்கும், பக்கத்துப் பெட்டி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கிட்டத்துச் சத்தம் முந்தி வந்தாலும் தூரத்துச் சத்தம் தெளிவாக வருவதால் ஓரளவு சரிக்கட்டும். முழுசாகச் சரியாகாது. நடு இடத்துக்கு முறை வைத்துக்கொள்ளுங்கள்.

தரையில் பாய் விரித்துப் படுத்துத்தான் கேட்பேன். பெட்டிகள் ஷோகேஸ் மேலே. ஜால்ரா, தம்புரா எல்லாம் மங்கிக் கேட்கிறது. – திருவாரூர்

பெட்டியில் உச்ச ஒலியைத் தருகிற சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் டார்ச் லைட் மாதிரி, நேரே அடிக்கும். பக்கத்தில் விலகினாலும் கீழே இறங்கினாலும் வெளிச்சம் குறையும். நாற்காலியில் காது தரையிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்தில் இருக்கும், பாயில் ஒரு சாண்கூட இராது. பெட்டியின் பின்பக்கம் சின்னக் கட்டையைக் கொடுத்து முகத்தைக் குனியவையுங்கள், முன்னால் ஒரு ரப்பர் துண்டு வைத்தால் வழுக்காது. பெட்டியைத் தலைகீழாக வைத்து ட்வீட்டரைக் கீழே கொண்டுவந்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது.

சுவரில் முட்டை அட்டை ஒட்டலாமா? – பட்டுக்கோட்டை

ஒட்டாதீர்கள், தூசிதான் அடையும். அறுவடை முடிந்து நெல் மூட்டைகளைக் கூடத்தில் அடுக்கியிருந்தபோது எங்கள் வீட்டில் பாட்டு அவ்வளவு சுத்தமாக இருந்தது. மூட்டை போனதும் கைதட்டினால் சுவர் திருப்பிக் கைதட்டியது. கனமான திரை, இலவம்பஞ்சு மெத்தை, துணி அடுக்கிய திறந்த அலமாரி எல்லாமே முட்டை அட்டையைவிட மேல். பிளாஸ்டிக் நாற்காலியும் டைல்ஸ் தரையுமாக வெறிச்சென்று இருக்கிற அறையில் எங்கே உட்கார்ந்தாலும் அழகில்லை.

நீங்கள் சொல்கிறபடி நட்டநடுவில் உட்கார்ந்தால் பாடகர் குரல் மெலிந்து, எங்கிருந்து வருகிறதென்றே தெரியவில்லை. ஓரமாக எழுந்து போனால் சரியாகிறது. – நாகப்பட்டினம்

உட்காரும் இடம் சரி. ஒயர் மாறியிருக்கிறது. ஒரு பெட்டியில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறினால், ஒன்றின் கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். நடுவில் வந்து சேரும் குரலும் பாஸும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆம்பை (ஆம்ப்ளிஃபயரை) அணைத்துவிட்டு, ஏதாவது ஒரே ஒரு பெட்டியின் இரண்டு ஒயரையும் மாற்றிச் செருகுங்கள். பாடகர் நடுவில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

இதை அலட்டிக்கொள்ளாமல் சொல்கிறேனே தவிர, பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஒயரைக் கழற்றி மாட்டிவிட்டு மாசி முடியும்வரை இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆம்ப் பழசாகிவிட்டது என்று புதுசுக்கு விலைகூட விசாரித்தாயிற்று. பள்ளிக்கூடம் போகிற என் மருமகன்தான் ‘மாமா, இந்த ஒயர்ல சிவப்புக் கோடு கறுப்புல இருக்கே’ என்றான்.

அப்பாவுக்கு ராஜரத்தினம் பிள்ளையின் பழைய நாதஸ்வர ரெக்கார்டுகள்தான் உயிர். நல்ல பெட்டி வாங்கி, நடுவில் நாற்காலியும் போட்டுவைத்தேன். ‘உள்ளே காதைக் குத்துதுடா’ என்று திண்ணைக்குப் போய்விடுகிறார். யார் சொல்வது சரி? – திருவாவடுதுறை அருகிலிருந்து

அப்பா.

ஸ்டீரியோவுக்கு ஆலன் பிளம்லைன் இங்கிலாந்தில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 1931-இல். ஆனால் ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்தது 1950-களின் கடைசியில்தான். பிள்ளைவாள் மறைந்தது 1956. அவருடைய இசைத்தட்டுகளில் இடம், வலம் என்று எதுவுமே கிடையாது, இரண்டு பெட்டியிலும் ஒரே ஒலிதான். நடு நாற்காலியால் அதில் கூடுதலாக எதுவும் கிடைக்காது. ஒரு பெட்டியை அணைத்துவிட்டால் இன்னும் துல்லியமாகக்கூட இருக்கும்.

தவிர, நாதஸ்வரம் எட்டடி தள்ளி உட்கார்ந்து கேட்கிற வாத்தியமா? சுவாமி புறப்பாடு அடுத்த தெருவில் திரும்பும்போது, சுவர்களில் பட்டுப் பட்டு, முனை மழுங்கி வருமே, அதைக் கேட்டு வளர்ந்த காது உங்கள் அப்பாவுடையது. திண்ணைக்கு ரேழி வழியாக வரும்போது கூர்மையான சத்தமெல்லாம் வழியிலேயே தேய்ந்துவிடுகிறது. பழைய தட்டின் கரகரப்பும் அதோடு போய்விடும். அவரை உள்ளே கூப்பிடாதீர்கள். ரேழிக் கதவைத் திறந்துவைத்து, வால்யூமை ஒரு புள்ளி கூட்டிவிடுங்கள்.