மாலையில் வெடிக்கும் பீரங்கி

தம்பி, ஜனவரியில் பாஸ்டன் வருகிறீர்கள், சார்லஸ்டவுனில் அறை பார்த்திருக்கிறீர்கள். குளிர், மளிகை, வாடகை எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், பக்கத்தில் நிற்கும் பழைய போர்க்கப்பலைப் பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மளிகைக்கு வழிகாட்ட நூறு பேர் வருவார்கள். நான் அந்த அமெரிக்கக் கடற்படைக் கப்பலைப் பற்றி, 'கான்ஸ்டிடியூஷன்' பற்றிச் சொல்கிறேன்.

முதலில் எச்சரிக்கை. சூரியன் மறையும்போது அங்கே பீரங்கி வெடிப்பார்கள்; காலை எட்டு மணிக்கும் உண்டு. என்னிடம் யாரும் சொல்லவில்லை. வந்த அன்றே, நாலேகால் மணிக்கு இருட்டும் டிசம்பரில், அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப்பொடியைப் பிரிக்கும்போது வெடித்தது. பாதிப் பொடி தரைவிரிப்பில் கொட்டிவிட்டது. அடுத்து, கட்டணம் இல்லை என்று வெறுங்கையோடு கிளம்பாதீர்கள். புகைப்பட அடையாள அட்டை வேண்டும். பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டு, பனியில் நடந்துபோய்த் திரும்பியவன் நான்.

நம்மவர்கள் ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் நயாகராவுக்கு ஓடுவார்கள். இங்கே கரையில் நின்று ஒரு படம், அவ்வளவுதான். 'பழைய இரும்புக்காரன்' என்ற பட்டப்பெயரைக் கேட்டு இரும்புக் கப்பல் என்றே நினைத்திருப்பவர்களும் உண்டு. 'கான்ஸ்டிடியூஷன்' முழுக்க மரம். அமெரிக்காவும் பிரிட்டனும் போரிட்ட 1812-இல், ஆகஸ்ட் 19 அன்று, பிரிட்டனின் 'கெரியர்' கப்பல் சுட்ட குண்டுகள் பக்கவாட்டில் பட்டுத் தெறித்ததால் வந்த பெயர் அது.

அந்த உறுதிக்குக் காரணமான லைவ் ஓக் என்ற கடின மரம், தெற்கே இருக்கும் ஜார்ஜியா மாநிலத்தின் தீவுகளிலிருந்து வந்தது. அதை வெட்டுவதற்காக 1794-இல் வடக்கிலிருந்து போனவர்கள் மலேரியாவில் படுத்தார்கள். பலர் ஊர் திரும்பிவிட்டார்கள். பிறகு அடிமைகளைக் கொண்டு வெட்டினார்கள். புது ஊர் உடம்பைப் படுத்தும் என்பது எனக்கும் தெரியும், முதல் குளிர்காலம் முழுக்க இருமினேன். ஆனால் நான் திரும்பவில்லை. 1797 செப்டம்பரில் இரண்டு முறை தள்ளியும் கப்பல் பாதியில் நின்றுவிட்டது. அக்டோபர் 21 அன்றுதான் தண்ணீரில் இறங்கியது. எனக்கும் ஓட்டுநர் உரிமம் மூன்றாவது தேர்வில்தான் கிடைத்தது.

1812 டிசம்பர் 29 அன்று பிரேசில் கடலோரத்தில் இது 'ஜாவா' என்ற பிரிட்டிஷ் கப்பலை வீழ்த்தியது. இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்த அதில் பம்பாய் ஆளுநராகப் பதவியேற்க வேண்டிய தாமஸ் ஹிஸ்லாப் இருந்தார். சிறைப்பட்டு விடுபட்ட அவர், பிறகு சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக வந்தார். அந்தக் காலத்துச் சீருடையில் கப்பலைச் சுற்றிக்காட்டிய கடற்படை இளைஞரிடம் இதைச் சொன்னேன். சென்னை எங்கே இருக்கிறது என்று கேட்டார். கைப்பேசியில் வரைபடம் காட்டினேன், எங்கள் தெருவையும் சேர்த்து.

வாடகையா? வீட்டை வெதுவெதுப்பாக வைக்கும் செலவு அதில் சேருமா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.