தோல்வியே காணாத மியாமி டால்பின்ஸ்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். போட்டிகளில், ஒரு பருவம் முழுவதும் தோற்காமலேயே பட்டம் வென்ற அணி ஏதேனும் உண்டா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: தோல்வியும் சமனும் இன்றி எல்லா ஆட்டங்களையும் வென்று பட்டத்தையும் கைப்பற்றிய அணி ஒன்றே ஒன்றுதான். அது 1972-ஆம் ஆண்டின் மியாமி டால்பின்ஸ். வழக்கமான சுற்றில் 14, நாக்-அவுட் சுற்றில் 2, பிறகு 1973 ஜனவரி 14 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த பட்டத்துக்கான இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் என்று 17 ஆட்டங்களிலும் அந்த அணி வென்றது. சிகாகோ பேர்ஸ் அணி 1934-லும் 1942-லும் பட்டத்துக்கான ஆட்டம் வரை தோற்காமல் வந்து அங்கே வீழ்ந்தது. 2007 பருவத்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் தொடர்ந்து 18 வெற்றிகளைப் பெற்றும், இறுதியில் நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 17-14 என்ற கணக்கில் பட்டத்தை இழந்தது.

கேள்வி: அந்தப் பருவத்தின் வெற்றிக்கு யாரை முதலில் சொல்வீர்கள்? பயிற்சியாளர் டான் ஷுலாவையா, குவார்ட்டர்பேக் பாப் கிரீஸியையா? (திருச்சி வாசகர்)

பதில்: இருவரையும் மதிக்கிறேன், ஆனாலும் என் மனத்தில் முதலில் நிற்பவர் மாற்று ஆட்டக்காரரான எர்ல் மோரல். தாக்குதலின் ஒவ்வொரு நகர்வும் குவார்ட்டர்பேக்கின் கையிலிருந்துதான் தொடங்குகிறது. அவர் காயமடைந்தால் பெரும்பாலான அணிகளின் பருவமே சரிந்துவிடும். மியாமிக்கு அந்த நிலை ஐந்தாவது ஆட்டத்திலேயே வந்தது. அக்டோபர் 15 அன்று சான் டியாகோ அணிக்கு எதிரான ஆட்டத்தில் கிரீஸியின் கால் எலும்பு முறிந்து, கணுக்காலும் பிசகியது. அவருக்குப் பதிலாகக் களமிறங்கிய மோரலுக்கு அப்போது வயது 38. பால்டிமோர் அணி வேண்டாம் என்று விடுவித்தபோது, அவரை வெறும் 100 டாலர் கட்டணத்தில் பெற்றிருந்தார் ஷுலா.

ஷுலாவுக்கும் மோரலுக்கும் இடையே பழைய மனக்காயம் ஒன்றும் இருந்தது. 1968-இல் ஷுலா பால்டிமோரின் பயிற்சியாளராக இருந்தபோது, அங்கேயும் காயமுற்ற ஒருவரின் இடத்துக்கு வந்த மோரல், லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதையே பெற்றார். ஆனால் அந்தப் பருவத்தின் சூப்பர் பவுலில் நியூயார்க் ஜெட்ஸிடம் 16-7 என்று அணி தோற்றபோது பழி பெரும்பாலும் அவர் மேல் விழுந்தது. அப்படிப்பட்டவரையே நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு ஷுலா நம்பிக்கையோடு அழைத்துக்கொண்டார் என்பதுதான் இந்தப் பருவத்தில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. வழக்கமான சுற்றில் எஞ்சிய ஒன்பது ஆட்டங்களையும், நாக்-அவுட்டில் கிளீவ்லாந்தை 20-14 என்று வென்ற ஆட்டத்தையும் தொடங்கி நடத்தியவர் மோரல். பிட்ஸ்பர்க்கில் நடந்த அடுத்த ஆட்டத்தின் பிற்பாதியில்தான் கிரீஸி திரும்பி வந்து 21-17 என்ற வெற்றிக்கு வழிகாட்டினார். சூப்பர் பவுலைத் தொடங்கும் பொறுப்பும் அவருக்கே கிடைத்தது. மோரல் மனக்கசப்பைக் காட்டாமல் ஒதுங்கி நின்றார்.

ஷுலா அமைத்த ஆட்டமுறையும் மோரலுக்கு உதவியது. பந்தை எறிவதைக் குறைத்து, சுமந்து ஓடியே கடிகாரத்தைக் கரைக்கும் முறை அது. லாரி சோங்கா 1,117 கஜமும் மெர்குரி மோரிஸ் சரியாக 1,000 கஜமும் ஓடினார்கள். ஒரே அணியின் இருவர் ஒரே பருவத்தில் ஆயிரத்தைத் தொட்டது அதுவே முதல் முறை. இருவருக்கும் வழி திறந்துவிட்டவர்கள் லாரி லிட்டில், ஜிம் லாங்கர் போன்ற முன்வரிசைத் தடுப்பாளர்கள். இறுதிப் போட்டியில்கூட கிரீஸி பந்தை எறிந்தது 11 முறைதான்.

கேள்வி: அந்த ஆண்டு மியாமிக்கு எளிய எதிரணிகளே அமைந்தன என்று சிலர் குறைத்துப் பேசுகிறார்களே? (சேலம் வாசகர்)

பதில்: அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. வழக்கமான சுற்றில் அவர்கள் சந்தித்த அணிகளுள் தோல்வியைவிட அதிக வெற்றி பெற்று முடித்தவை இரண்டே இரண்டு. ஆயினும் லீகிலேயே அதிகமாக 385 புள்ளிகளை எடுத்ததும், குறைவாக 171 புள்ளிகளை மட்டும் விட்டுக்கொடுத்ததும் இதே அணிதான் என்பதைக் குறை சொல்பவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. தவிரவும், நாக்-அவுட் ஆட்டங்களுக்கான மைதானம் அக்காலத்தில் சுழற்சி முறையில் முடிவாயிற்று. அதனால் ஒரு தோல்விகூட இல்லாத அணிதான் டிசம்பர் 31 அன்று பிட்ஸ்பர்க்குக்குப் பயணப்பட வேண்டியிருந்தது. அதிக வெற்றி பெற்ற அணிக்குச் சொந்த மைதானம் என்ற விதி 1975-இல்தான் வந்தது.

கேள்வி: சூப்பர் பவுலில் உதைப்பாளர் காரோ யெப்ரேமியன் செய்த தவறு என்ன? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: வாஷிங்டன் அணிக்கு எதிராக 14-0 என்று மியாமி முன்னிலையில் இருந்தபோது, ஆட்டம் முடியச் சுமார் இரண்டு நிமிடங்கள் இருக்கையில், அவர் உதைத்த பீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்து மூன்று புள்ளிகள் பெறும் முயற்சி) தடுக்கப்பட்டது. திரும்பி உருண்டு வந்த பந்தின் மேல் விழுந்து அமுக்கியிருந்தால் போதும். அவரோ எடுத்து எறிய முயன்றார். கையிலிருந்து நழுவி மேலெழும்பிய பந்தை வாஷிங்டனின் மைக் பாஸ் பிடித்து, 49 கஜம் ஓடி, எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்க்கும் டச்டவுன் எடுத்தார். கணக்கு 14-7 ஆயிற்று. நிக் புவோனிகான்ட்டி தலைமையிலான தற்காப்பு வரிசை கடைசி நிமிடத்தில் வாஷிங்டனை முன்னேற விடாமல் நிறுத்தியது; அந்த ஆட்டத்தில் எதிரணியின் பந்தை இருமுறை இடைமறித்த ஜேக் ஸ்காட் சிறந்த ஆட்டக்காரரானார்.

யெப்ரேமியனை அந்த ஒரு நொடியை வைத்தே நினைவுகூர்வது நியாயமில்லை. மூன்றாவது ஆட்டத்தில் மின்னசோட்டாவிடம் 14-6 என்று பின்தங்கி நின்றபோது, 51 கஜத் தொலைவிலிருந்து உதைத்து அணியை மீட்கத் தொடங்கியவர் அவரே. அந்த மூன்று புள்ளிகள்தான் பின்னர் 16-14 என்ற வெற்றியைச் சாத்தியமாக்கின. ஷுலா அவரை அணியிலேயே வைத்துக்கொண்டார். அடுத்த பருவத்தில் அதே மின்னசோட்டாவை 24-7 என்று வீழ்த்தி மியாமி மீண்டும் சூப்பர் பவுலை வென்றபோதும், அணியின் உதைப்பாளர் யெப்ரேமியன்தான்.