ராத்திரியானால் மட்டும் வைஃபை ஏன் படுத்துக்கொள்கிறது?

கேள்வி: என் மேசைக் கணினியில் பகலெல்லாம் வைஃபை நன்றாக ஓடுகிறது. ராத்திரி உட்கார்ந்தால் திடீரென்று படுத்துவிடுகிறது, ஒரு பக்கம் திறக்கவே அரை நிமிடம் ஆகிறது. அதே மேசையில் இருக்கும் ஃபோனில் அதே நேரத்தில் வீடியோ தடையில்லாமல் ஓடுகிறது! வைரஸ் இருக்கிறதா என்று சோதித்தேன், விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டேன், ரூட்டரையும் மாற்றிவிட்டேன். ஒரு பலனும் இல்லை. எடுத்த படங்களையெல்லாம் ராத்திரியில்தான் வெளி ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி வைப்பேன், அது ஏறி முடிகிற வரைக்கும் கொஞ்சம் இணையத்தில் படிக்கலாம் என்றால் அதுகூட முடியவில்லை. கணினியையே மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், என் கண் அதில்தான் நின்றது. படங்களை ராத்திரியில் வெளி டிஸ்க்கில் ஏற்றுகிறீர்கள், வைஃபை படுப்பதும் ராத்திரியில்தான். எனக்குச் சந்தேகம் அந்த டிஸ்க்கின் மேல். ஆனால் என் சந்தேகத்தை நம்பியும் எதையும் மாற்றிவிடாதீர்கள். ஏற்கெனவே இரண்டு பெரிய வேலைகளைச் சந்தேகத்தின் பேரில் செய்து நொந்து போயிருக்கிறீர்கள். இந்த முறை முதலில் அளந்து பார்ப்போம்.

இணையம் உங்கள் கணினிக்கு வருவது இரண்டு துண்டு வழியாக. கணினியிலிருந்து ரூட்டர் வரைக்கும் காற்றில், ரூட்டரிலிருந்து வெளியே கேபிளில். எந்தத் துண்டில் தாமதம் என்று தெரியாமல் கையில் கிடைத்ததையெல்லாம் மாற்றுவதால்தான் இந்தப் பிரச்சினை மாதக்கணக்கில் இழுக்கிறது. கமாண்ட் ப்ராம்ப்டை (விண்டோஸில் கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் ஜன்னல்) திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்று அடித்தால் வைஃபை பகுதியில் 'டீஃபால்ட் கேட்வே' என்று ஒரு முகவரி தெரியும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அதுதான் உங்கள் ரூட்டர். ஒரு ஜன்னலில் அந்த முகவரிக்குப் பிங் (அங்கிருந்து பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் கட்டளை) போட்டு ஓடவிடுங்கள், கடைசியில் ஒரு சிறுகோடும் 'டி' எழுத்தும் சேர்த்தால் நீங்கள் நிறுத்தும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இன்னொரு ஜன்னல் திறந்து 8.8.8.8 என்ற முகவரிக்கு அதே மாதிரி போடுங்கள், அது கூகுளின் டிஎன்எஸ் சர்வர் (இணையதளப் பெயருக்கு உரிய எண் முகவரியைத் தேடித் தருவது), எப்போதும் பதில் சொல்லும்.

இரண்டும் ஓடிக்கொண்டிருக்கட்டும். முதல் ஜன்னலில் 2, 3, 2, 4 மில்லிசெகண்டு என்று எண்கள் சீராக இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். இப்போது டிஸ்க்கைச் செருகி, படங்களை ஏற்ற ஆரம்பியுங்கள். ஆரம்பித்த சில நொடிகளில் அந்த 2, 3 என்பது 90, 180, 410 என்று எகிறி, நடுநடுவே 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்று வந்தால், டிஸ்க்கைக் கழற்றியதும் மறுபடியும் 2, 3-க்கே திரும்பினால், ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

ஒரு டிஸ்க்குக்கும் வைஃபைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். யூஎஸ்பி 3 கேபிளில் தரவு நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடுகிறது. அந்த ஓட்டத்திலிருந்து கசியும் ரேடியோ இரைச்சல் அகலமாகப் பரவி, வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் மேலேயே விழுகிறது. இது யாரோ கிளப்பிவிட்ட கதை இல்லை, இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. கேபிளின் உறையும் டிஸ்க்கின் பெட்டியும் மட்டமாக இருந்தால் கசிவு இன்னும் அதிகம். மேசைக் கணினியில் யூஎஸ்பி துளைகளும் வைஃபை ஆன்டெனாவும் பின்பக்கத்தில் ஒரு சாண் இடைவெளிகூட இல்லாமல் இருக்கும். ரூட்டர் எங்கோ தூரத்திலிருந்து மெல்லிய குரலில் பேசுகிறது, டிஸ்க் காதருகே கத்துகிறது, ஆன்டெனாவுக்கு எது கேட்கும்?

ஃபோன் ஏன் தப்பித்தது என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. அது கேபிளிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கிறது, அதோடு அது 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருக்கவும் வாய்ப்பு அதிகம், அந்த உயரத்தில் இந்த இரைச்சல் பெரிய தொல்லை தருவதில்லை. உங்கள் கணினி எதில் இருக்கிறது என்று வைஃபை பெயரின் 'ப்ராப்பர்ட்டீஸ்' பக்கத்தில் 'நெட்வொர்க் பேண்ட்' என்ற வரியில் பாருங்கள்.

நானே இதில் இரண்டு வாரம் அவதிப்பட்டிருக்கிறேன். டிரைவர் மாற்றி, சேனல் மாற்றி, ஒன்றும் நடக்காமல், கடைசியில் கேபிள் இடறி டிஸ்க் கழன்று விழுந்த நொடியில் பக்கம் சட்டென்று திறந்தது. அப்போதுதான் புரிந்தது. அதனால்தான் முதலில் அளக்கச் சொல்லி இத்தனை வற்புறுத்துகிறேன்.

நிரந்தரமாகச் சரிசெய்யக் கணினியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவதுதான் நல்லது. ரூட்டர் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், அதன் செட்டிங்ஸில் தனித்தனிப் பெயர் கொடுத்து, கணினியை 5-இல் மட்டும் இணையுங்கள். உங்கள் அடாப்டருக்கு 5 வராது என்றால், டிஸ்க்கை நல்ல உறை போட்ட கேபிளில் செருகி ஆன்டெனாவை விட்டு இரண்டு மூன்று அடி தள்ளி வையுங்கள், பின்பக்கத்துக்குப் பதில் முன்பக்கத் துளையைப் பயன்படுத்துங்கள். யூஎஸ்பி 2 துளையில் செருகினால் அந்த இரைச்சலே வராது, ஆனால் படம் ஏற நேரம் பிடிக்கும். உங்களுடையது விரல் அளவில் செருகும் வைஃபை டாங்கிள் என்றால், அதை ஒரு நீட்டிப்புக் கேபிளில் மாட்டி மேசைமேல் கொண்டுவாருங்கள். இன்னொன்றும் பார்த்துவிடுங்கள்: கணினியின் பின்னால் இரண்டு சின்ன பித்தளைத் திருகுகள் மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தால், அவை ஆன்டெனா மாட்டும் இடம். வாங்கியபோது வந்த ஆன்டெனா அட்டைப்பெட்டியிலேயே தூங்கும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, டிஸ்க் செருகியும் முதல் ஜன்னல் அசையவில்லை, இரண்டாவது ஜன்னல் மட்டும் எகிறுகிறது என்றால்? அப்போது காற்றில் குற்றமில்லை, ரூட்டருக்கு வெளியே போகும் வழியில் நெரிசல். அந்த நெரிசலைப் பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்தே யாரோ உண்டாக்குகிறார்கள், படங்களைத் தானாக மேகச் சேமிப்பில் ஏற்றும் ஒரு நிரல் போதும். பல இணைப்புகளில் ஏற்றும் வேகம் இறக்கும் வேகத்தைவிடக் குறைவு. ஏற்றம் நிரம்பியதும் ரூட்டரில் வரிசை நீள்கிறது. நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்கும் சின்னக் கோரிக்கையும் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. அந்த நிரலின் செட்டிங்ஸிலேயே ஏற்றும் வேகத்துக்கு ஒரு வரம்பு வைக்கலாம். ரூட்டரில் எஸ்க்யூஎம் என்ற வசதி இருந்தால் அதை இயக்கி, உங்கள் உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள், வரிசை நீளவே நீளாது. ஆனால் உங்கள் ஃபோனும் அதே ரூட்டர் வழியாகத்தானே போகிறது, அது நன்றாக ஓடுவதால் இந்த வழக்கில் இதற்கு வாய்ப்பு குறைவு.

இரண்டு ஜன்னலுமே சீராக இருந்து பக்கம் மட்டும் மெதுவாகத் திறந்தால் விபிஎன், பிரவுசர் எக்ஸ்டென்ஷன், டிஎன்எஸ் இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரே நாளில் மூன்றையும் மாற்றாதீர்கள், எதனால் சரியானது என்று தெரியாமலே போய்விடும்.

கேள்வி: 2.4 கிகாஹெர்ட்ஸில் என்ன சேனல் வைப்பது? ஆப்பில் பார்த்தால் 1, 6, 11-இல் அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் குவிந்து கிடக்கிறது, 3-உம் 4-உம் காலியாக இருக்கின்றன. காலியாக இருப்பதைத்தானே போட வேண்டும்?

பதில்: அப்படித்தான் தோன்றும், ஆனால் போடாதீர்கள். அடுத்தடுத்த சேனல்களுக்கு நடுவில் 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி, வைஃபை ஒன்று எடுத்துக்கொள்ளும் அகலமோ 20. அதாவது 3-இல் உட்கார்ந்தால் 1-இல் இருப்பவரோடும் 6-இல் இருப்பவரோடும் உரசுகிறீர்கள். ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரிந்து முறை வைத்துப் பேசிக்கொள்வார்கள். பாதி உரசும் சேனலில் இருப்பவருக்கு மற்றவர் பேச்சு வெறும் இரைச்சல்தான், இரண்டு பேருக்கும் கெடுகிறது. 1, 6, 11 மூன்றில் எது லேசாக இருக்கிறதோ அதை வையுங்கள், அகலத்தை 40 ஆக்காமல் 20-இலேயே விடுங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசையில்தான் இயங்குகிறது, அதை ஓட்டும்போது மட்டும் தடுமாறினால் சேனலைக் குறை சொல்ல வேண்டாம்.

கேள்வி: என் இணைப்பு 100 என்கிறார்கள், டவுன்லோடு 11, 12-க்கு மேல் போவதே இல்லை. ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை. அவர்கள் சொல்வது மெகாபிட், டவுன்லோடு காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட், ஆகவே 100-க்கு அதிகபட்சம் 12.5. உங்களுக்கு முழு வேகமும் வருகிறது.

கேள்வி: லேப்டாப்பில் வேகச் சோதனை போட்டால் பிரமாதமாகக் காட்டுகிறது. ஆனால் கேம் விளையாடும்போதும் வீடியோ அழைப்பிலும் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஒரு குலுக்கல், அப்புறம் சரியாகிவிடுகிறது. ஏன்?

பதில்: வேகச் சோதனை அரை நிமிடத்தின் சராசரியைச் சொல்கிறது, நடுவில் ஒரு நொடி நின்றுபோனது அதில் தெரியாது. ரூட்டருக்குப் போடும் பிங்கில்தான் தெரியும். குலுக்கல் சீரான இடைவெளியில் வந்தால், லேப்டாப் வேறு வைஃபை ஏதாவது இருக்கிறதா என்று சுற்றிலும் தேடுகிறது என்று அர்த்தம். தேடும் நேரத்தில் அது உங்கள் சேனலை விட்டு வெளியே போய்த் திரும்புகிறது. விண்டோஸில் லொகேஷன் வசதி அடிக்கடி இப்படித் தேட வைக்கும், அதை அணைத்துப் பாருங்கள். மேக் என்றால் ஏர்டிராப்பை அணைத்துச் சோதியுங்கள், பக்கத்துக் கருவிகளோடு பேச அதுவும் சேனல் மாறும். பேட்டரியில் ஓடும்போது மட்டும் குலுக்கல் என்றால் மின்சேமிப்புதான் காரணம். டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கம் இருந்தால், மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: புது லேப்டாப், புது ரூட்டர், இரண்டும் ஒரே அறையில். ஆனாலும் இணைப்பு வேகம் 54 மெகாபிட்டைத் தாண்டவே மாட்டேன் என்கிறது.

பதில்: அந்த 54 என்ற எண்ணே காரணத்தைச் சொல்கிறது. பழைய பிரிண்டர் ஒன்று இணைய வேண்டும் என்று ரூட்டரில் யாராவது பாதுகாப்பு வகையை டபிள்யூஇபி அல்லது டிகேஐபி என்று மாற்றியிருப்பார்கள். 2009-இல் வந்த 802.11என் தரத்திலிருந்தே, இந்தப் பழைய பூட்டுகளைப் போட்டால் புதிய வேகங்கள் கிடைக்காது, பழைய 54-க்கே இறங்கிவிடும். டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் அல்லது டபிள்யூபிஏ3 என்று மாற்றி, லேப்டாப்பில் அந்த வைஃபையை மறக்கச் சொல்லி மறுபடி இணையுங்கள். பழைய பூட்டு பாதுகாப்புக்கும் உதவாது, எப்படியும் மாற்ற வேண்டியதுதான். அதற்குப் பிறகு பிரிண்டர் இணைய மறுத்தால் அதைக் கேபிளில் மாட்டிக்கொள்ளுங்கள்.