எம்.எஸ்.சி. படித்துவிட்டு வீடு வீடாகப் போவதா?

உங்கள் கவலை புரிகிறது அம்மா. புள்ளியியல் படித்த மகள் டேப்லெட்டோடு ஊர் ஊராகப் போய்க் கேள்வி கேட்கும் வேலையில் சேர்வதா என்கிறீர்கள். தாராளமாகச் சேரட்டும். திட்ட மதிப்பீட்டில், அதாவது ஒரு திட்டம் உண்மையில் பலன் தருகிறதா என்று ஆராயும் துறையில், முன்னேற நினைப்பவர்கள் முதல் ஓரிரு வருடம் களத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தையே பாருங்கள். பள்ளிப் பதிவேட்டில் ஓர் எண் இருக்கும். பரிமாறும் நேரத்தில் நின்று தலையை எண்ணினால் வேறு எண் வரலாம். பிள்ளை முன்பு வெறும் வயிற்றோடு போனதா, இல்லை வீட்டில் சாப்பிட்டதற்குப் பதிலாக இப்போது பள்ளியில் சாப்பிடுகிறதா? இது அம்மாக்களிடம் நிதானமாகப் பேசினால்தான் தெரியும். அது தெரியாமல் திட்டத்தின் பலனைச் சொல்லவே முடியாது. எந்தக் கேள்விக்கு எந்த வழி என்ற இந்தத் தெளிவு வகுப்பறையில் முழுதாக வராது.

எங்கே வைத்துக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். 2005இல் தொடங்கிய ஏசர் (ASER) என்ற கல்வி நிலை ஆய்வு, கிராமத்துப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீட்டில் வைத்தே சோதிக்கிறது. பள்ளியில் சோதித்தால் அன்று வராத பிள்ளைகள் கணக்கிலேயே வரமாட்டார்கள். கொரோனாவில் பள்ளிகள் மூடியதால் விட்டுப்போன பாடத்தை ஈடுகட்டத் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் பலனை ஆராய்ந்தவர்களும் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை வீட்டில்தான் சோதித்தார்கள். கொரோனாவுக்கு முன்பே, 2019இல், எடுத்த அளவீடு கையில் இருந்ததால்தான் கற்றலில் இழப்பு எவ்வளவு, மீட்பு எவ்வளவு என்று அவர்களால் சொல்ல முடிந்தது.

பாதுகாப்பைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. களத்துக்கு இருவராக அனுப்புகிறார்களா, தங்குமிடமும் பயணச் செலவும் யார் பொறுப்பு, பயிற்சி எத்தனை நாள் என்று மகளே கேட்கட்டும். ஒரு நாளைக்கு எத்தனை வீடு என்பதையும் விடாமல் கேட்கச் சொல்லுங்கள். எண்ணிக்கைக்காக நெருக்கும் இடத்தில், போகாத வீட்டுக்கும் பதிலை நிரப்பும் பழக்கம் வந்துவிடும். மேற்பார்வையாளர் சில வீடுகளுக்கு மறுபடி போய்ச் சரிபார்க்கும் நிறுவனம் என்றால் நம்பிச் சேரலாம்.

அப்புறம், இப்போதே புள்ளிவிவரங்களை அலசும் ஆர் (R) மென்பொருளைப் பழகட்டும், அது இலவசம்தான். அரசு வேலைதான் வேண்டும் என்றால், தமிழக அரசிலேயே மதிப்பீடு மற்றும் பயன்பாட்டு ஆய்வுத் துறை இருக்கிறது; அதன் அறிவிப்புகளைக் கவனித்து வரலாம். பணி நியமனக் கடிதம் வந்ததும் கையெழுத்துப் போடும் முன் எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.