ஐஸ்லாந்து 2008: லேமன் மட்டும்தானா காரணம்?

அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்ததால்தான் ஐஸ்லாந்து வங்கிகள் விழுந்தன என்று கட்டுரையில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், அது கடைசித் தள்ளல்தான். கிளிட்னிர், லாண்ட்ஸ்பாங்கி, கௌப்திங் என்ற மூன்று பெரிய வங்கிகளின் சொத்தும் சேர்ந்து நாட்டின் ஜிடிபியைப் (மொத்த உள்நாட்டு உற்பத்தி) போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு. வாங்கிய கடனோ பெரும்பாலும் வெளிநாட்டு நாணயத்தில். மத்திய வங்கி உள்நாட்டு நாணயமான குரோனாவை அச்சிடலாம்; யூரோவுக்கு எங்கே போகும்?

ஐஸ்சேவ் என்ற இணையச் சேமிப்புக் கணக்கு பற்றி ஒரு பத்தி கட்டாயம் வையுங்கள். 2006இல் லாண்ட்ஸ்பாங்கி பிரிட்டனில் அதைத் துணை நிறுவனமாகப் பதியாமல் கிளை வழியாகவே தொடங்கியது. கிளை என்றால் தாய்நாட்டின் காப்புதான் முதலில்; அதனால் டெபாசிட் காப்பின் முதல் பொறுப்பு ஐஸ்லாந்தின் குட்டி டெபாசிட் காப்பு நிதியத்தின் தலையில் விழுந்தது.

பலர் விட்டுவிடுவது இன்னொன்று: தங்கள் பங்குகளை வாங்கவே இந்த வங்கிகள் கடன் கொடுத்தன, அந்தப் பங்குகளையே ஈடாகவும் வைத்துக்கொண்டன. ஏட்டில் மூலதனம் கொழுத்தது. விலை சரிந்ததும் கடனும் போச்சு, ஈடும் போச்சு.