ஹன்சாட் எழுதினவருக்கும் விழா எடுக்கலாமோ?

கேள்வி: எங்கட ஊர் ஐயா ஒராள் பாராளுமன்றத்தில ஹன்சாட் பகுதியில, அதுதான் சபையில பேசுறதெல்லாத்தையும் எழுதி அச்சடிக்கிற பகுதியில, கன காலம் வேலை செய்திட்டு இப்ப பென்சனில ஊரோட வந்திட்டார். சனசமூக நிலையத்தால சேவை நலன் பாராட்டு விழா ஒண்டு வைப்பம் எண்டு கதைச்சா, கொமிட்டியில ஒரு அண்ணை "அவர் சம்பளத்துக்குத்தானே வேலை செய்தவர், ஊருக்கு என்ன செய்தவர்" எண்டு கேக்கிறார். நான் என்ன சொல்லுறது?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: பிள்ளை, கட்டாயம் விழாவை வையுங்கோ. வாத்தியார்மாரும் குடும்பநல மாதுவும் சம்பளத்துக்குத்தான் வேலை செய்தவை, அவையளுக்குப் பொன்னாடை போத்தேக்க ஒருத்தரும் இப்பிடிக் கேக்கிறேல்ல.

அந்த அண்ணையிட்ட ஒண்டு கேளுங்கோ. எங்கட எம்பிமார் காணி விடுவிப்பு, காணாமல் ஆக்கப்பட்டவை, கடற்றொழிலாளர் பிரச்சினை எண்டு சபையில பேசினதெல்லாம் இண்டைக்கு எங்க இருக்கு? பேப்பரில ரெண்டு பந்தி வந்திருக்கும், அதோட சரி, முழுப் பேச்சும் ஆர் குறுக்க என்ன கேட்டது எண்டதும் சேர்ந்து கிடக்கிறது ஹன்சாட்டிலதான். அரசியலமைப்பின்ர 20ஆம் உறுப்புரையால ஒரு எம்பி தமிழிலயே தன்ர கடமையைச் செய்யலாம், ஆனா உரிமை மட்டும் இருந்து காணாது, அவர் தமிழில பேசினா அதை அந்த நிமிசமே மற்றவைக்கு விளங்கப்பண்ண கண்ணாடிக் கூட்டுக்குள்ள ஒரு உரைபெயர்ப்பாளர் இருக்கோணும், பேசினதைத் தமிழிலயே பிழையில்லாமல் எழுத உங்கட ஐயாவைப் போல ஒராள் இருக்கோணும், ஏனெண்டா ஹன்சாட்டில ஒவ்வொருத்தற்ற பேச்சும் அவர் பேசின மொழியிலதான் அச்சாகும்.

லேசான வேலையில்லை. ஒரே நேரத்தில நாலு பேர் எழும்பிச் சத்தம் போடுவினம், அதுக்குள்ள ஆர் எதைச் சொன்னது எண்டு பிடிக்கோணும். பேச்சின்ர பிரதியைப் பாத்து எம்பி பிழை திருத்தலாம், ஆனா சொன்னதின்ர கருத்தை மாத்தேலாது. சபாநாயகர் நீக்கச் சொன்ன சொல்லு நீங்கோணும், நீக்கச் சொல்லாத சொல்லு எவ்வளவு கசந்தாலும் இருக்கோணும். இதுக்கு நல்ல காதும் கையும் காணாது, நேர்மையும் வேணும்.

ஊருக்கு அவரைத் தெரியாமல் போனதுக்கும் அந்த வேலைதான் காரணம் எண்டு நான் நினைக்கிறன். பாராளுமன்ற ஊழியரை அமைச்சர்மார் நியமிக்கிறேல்ல, சபாநாயகரின்ர அங்கீகாரத்தோட செயலாளர் நாயகம்தான் நியமிக்கிறவர், அரசியலமைப்பின்ர 65ஆம் உறுப்புரை அப்பிடித்தான் சொல்லுது. ஆட்சி மாறும், 225 பேரில கன முகங்கள் மாறும், அவர் அதே கதிரையில இருந்து எல்லாக் கட்சிக்கும் ஒரே மாதிரி எழுதோணும், அப்ப ஊருக்கு வந்து அரசியல் கதைச்சுப் பேர் எடுக்கேலுமோ? வாயைக் கட்டிக்கொண்டு இருந்த மனுசனைப் பாத்து "என்ன செய்தவர்" எண்டு கேக்கிறது சரியான அநியாயம்.

ஒண்டு சொல்லுறன், பிந்தாதேங்கோ. இங்கிலாந்துப் பொதுச்சபையில எர்ஸ்கின் மே எண்டு ஒரு எழுதுனர் இருந்தவர், 1844இல அவர் எழுதின பாராளுமன்ற நடைமுறைப் புத்தகத்தை இண்டைக்கும் கன நாட்டுச் சபையள் எடுத்துப் பாக்கினம். அவருக்குப் பிரபுப் பட்டம் குடுத்தது 1886 மே மாதம், அதே மாதமே அவர் செத்துப் போனார். எங்கட நாட்டில சாம் விஜேசிங்கவுக்குக் கொஞ்சம் நல்லமாதிரி நடந்தது, 1964 தொடக்கம் 1981 வரை சபையின்ர தலைமை அதிகாரியா இருந்தவரை அதுக்குப் பிறகு சனத்தின்ர முறைப்பாடுகளை விசாரிக்கிற ஒம்புட்ஸ்மனா, நாட்டின்ர முதலாவது ஆளா ஆக்கிச்சினம், அவற்ற அனுபவம் வீணாப் போகேல்ல. எனக்கு மாலையை விட அதுதான் பெரிய மரியாதையாத் தெரியுது.

அதால நீங்களும் வாழ்த்துமடலோட நிப்பாட்டாமல், ஏஎல் பிள்ளையளை முன்னுக்கு இருத்தி ஐயாவை ஒரு மணித்தியாலமாவது கதைக்க விடுங்கோ, ஒரு சட்டமூலம் எப்பிடி வருது, வாக்கெடுப்பு எப்பிடி நடக்குது எண்டு அவர் சொன்னாப் பிள்ளையளுக்கு நல்லா விளங்கும். அதை ஒழுங்கா ரெக்கோர்ட் பண்ணுங்கோ. நூலகம் நிறுவனம் வாய்மொழி வரலாறுகளைச் சேமிக்கிறவை, அவையளோடயும் கதைச்சுப் பாருங்கோ. ஆரும் எம்பி விழாவுக்கு வரக் கேட்டா, மேடையில பேசுறதைக் குறைச்சு, வரவு செலவுத் திட்டத்தை ஒவ்வொரு செலவுத் தலைப்பா எடுத்துப் பேசுற குழுநிலை விவாதத்தில பாராளுமன்றத்துக்கான செலவுத் தலைப்பு வரேக்க ஐயான்ர பேரைச் சபையிலயே சொல்லச் சொல்லுங்கோ, அவர் எழுதின ஹன்சாட்டில அவற்ற பேரும் ஒருக்கா வரட்டும்.

கேள்வி: மாகாண சபை ஊழியரையும் இப்பிடிக் கௌரவிக்கலாமோ?
– வாசகர், கைதடி

பதில்: ஏன் இல்லை? 2013 செப்ரெம்பரில தேர்தல் வைச்சு 38 பேரோட தொடங்கின வடக்கு மாகாண சபையின்ர காலம் 2018 ஒக்ரோபரில முடிஞ்சுது. அந்த அஞ்சு வருச அறிக்கையளையும் தீர்மானங்களையும் எழுதி அடுக்கினது உங்கட கைதடியில இருந்த சபைக் கட்டடத்துக்கு வந்து போன ஊழியர்தான். புதுச் சபை வரேக்க பழைய கோவை எங்க இருக்கு எண்டு சொல்ல அவையள் வேணும், பென்சனில போகமுதல் கூப்பிட்டுக் கதையுங்கோ.

கேள்வி: மேடையில ஆரை இருத்துறது?
– அதே சாவகச்சேரி வாசகி

பதில்: ஐயாவையும் அவற்ற மனுசியையும். சபை இரவிரவா நடந்த நாளில வீட்டைப் பாத்தது அவதானே. மற்ற எல்லாரும் கீழ இருக்கலாம்.